திரைச்சீலைக்கு அப்பால் ஓர் இருக்கை: என்ன விலைக்குக் கேட்கலாம்?

வங்கியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அதில் பெரும்பகுதி நகைக்கடன் பிரிவில் கழிந்தது. தவணை தவறி, நினைவூட்டுக் கடிதங்களுக்கும் பதில் வராமல் போன நகைகளை அவ்வப்போது ஏலம் விடுவோம். கிளையின் முன்கூடத்தில் நகை வியாபாரிகள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றிக்கொண்டே போவார்கள். யார் எந்தத் தொகையில் நின்றுவிடுவார் என்பது சில நேரம் அவர் வெற்றிலையைத் துப்ப எழுந்து போகும் விதத்திலேயே தெரிந்துவிடும். ஆகவே, "உங்கள் இருக்கையைப் பிசினஸ் கிளாசுக்கு உயர்த்திக்கொள்ள ஏலம் கேளுங்கள்" என்று விமான நிறுவனத்திடமிருந்து முதன்முறையாக ஒரு மின்னஞ்சல் வந்தபோது, இது நமக்குப் பழகிய களம்தானே என்று ஓர் அசட்டுத் துணிச்சல் எனக்கு வந்தது. அந்தத் துணிச்சலுக்கு நான் கொடுத்த விலை 48,000 ரூபாய்.

பாஸ்டனில் இருக்கும் மகளுடைய பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றின் வழியாகப் போகவேண்டியிருந்தது. முதல் கட்டம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டாவது கட்டம் ஏறத்தாழ பதினான்கு மணி நேரம். மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். எகானமி இருக்கையில் பதினான்கு மணி நேரம் காலை மடக்கி உட்காருவது அவளுக்கு எப்படி இருக்கும் என்ற கவலை டிக்கெட் எடுத்த நாளிலிருந்தே எனக்கு இருந்தது. பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டின் விலையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை உடனே மூடிவிட்டேன். புறப்படுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது.

இந்த ஏற்பாட்டை அறியாதவர்களுக்காக அதன் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். முன்பதிவு எண்ணையும் குடும்பப் பெயரையும் கொடுத்து உள்ளே போனால், பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக ஒரு நகர்த்துகோல் திரையில் தெரியும். அதன் இடது முனையில் குறைந்தபட்சத் தொகை, வலது முனையில் அதிகபட்சத் தொகை. கோலை நகர்த்த நகர்த்த, பக்கத்தில் இருக்கும் அரைவட்ட முள் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும் மஞ்சளிலிருந்து பச்சைக்கும் போகும். "பலவீனமானது", "பரவாயில்லை", "வலுவானது" என்பது போன்ற சொற்கள் கூடவே மாறும். காட்டப்படும் தொகை ஒரு பயணிக்கு, ஒரு கட்டத்துக்கு உரியது. ஏற்கெனவே கொடுத்துவிட்ட கட்டணத்துக்கு மேல் செலுத்தவேண்டியது. கார்டு எண்ணை அப்போதே கொடுத்துவிடவேண்டும், ஆனால் நம் ஏலக் கேள்வி ஏற்கப்பட்டால் மட்டுமே பணம் பிடிக்கப்படும். புறப்படுவதற்குக் குறிப்பிட்ட மணி நேரம் முன்புவரை தொகையை மாற்றலாம் அல்லது திரும்பப் பெறலாம்; அதன்பிறகு காத்திருக்கவேண்டியதுதான். முடிவு பெரும்பாலும் கடைசி ஓரிரு நாட்களில் வரும்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, எதிஹாத், குவான்டாஸ், மலேசியா ஏர்லைன்ஸ், கேத்தே பசிஃபிக், ஏர் கனடா என்று பல நிறுவனங்களில் இந்த முறை உண்டு. எல்லாவற்றிலும் திரை ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்தால் வியப்பு வரலாம். அதற்குக் காரணம், கனடாவின் மான்ட்ரியல் நகரில் 2009-ல் தொடங்கப்பட்ட பிளஸ்கிரேட் என்ற ஒரே நிறுவனம் உலகின் பல விமான நிறுவனங்களுக்கு இந்த ஏல மேடையை அமைத்துக் கொடுத்திருப்பதுதான். கடை பலவாக இருந்தாலும் தராசு ஒன்று.

அந்த முள்ளைப் பற்றி முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்தது அங்கேதான். நகை ஏலத்தில் எனக்கு எதிரே ஆட்கள் இருந்தார்கள். ஏலச்சீட்டில்கூட, சீட்டைத் தள்ளி எடுக்க யார் எவ்வளவு அவசரப்படுகிறார் என்பது கூடத்தில் இருக்கும் எல்லோர் காதிலும் விழும். இங்கே எதிரே யாரும் இல்லை. முன்பகுதியில் எத்தனை இருக்கை காலியாக இருக்கிறது, எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், எவ்வளவுக்குக் கேட்டிருக்கிறார்கள் என்ற மூன்றில் ஒன்றைக்கூட அந்த முள் சொல்வதில்லை. அது சொல்வதெல்லாம், நீங்கள் இன்னும் கொஞ்சம் கொடுத்தால் நிறுவனத்துக்கு மகிழ்ச்சி கூடும் என்பதைத்தான். விற்பவர் கையில் இருக்கும் தராசைப் பார்த்து வாங்குபவர் விலை சொல்வது போன்றது அது. நான் முள் மஞ்சளைத் தாண்டிப் பச்சையைத் தொடும்வரை கோலை நகர்த்திக்கொண்டு போனேன். மஞ்சளில் நிறுத்தியிருந்தால் ஏதோ கைவிட்டுப் போய்விடும் போல ஒரு பதற்றம். நாற்பது வியாபாரிகள் நடுவே வராத பதற்றம், வீட்டுக் கூடத்தில் தனியாகக் கணினி முன் உட்கார்ந்திருந்தபோது வந்தது.

உண்மையில் இது ஏலமே அல்ல, டெண்டர். பொதுப்பணித் துறையில் மூடிய உறையில் ஒப்பந்தப்புள்ளி போடுவார்களே, அந்த வகை. வென்றவர் தாம் எழுதிய தொகையையே கட்டவேண்டும். பக்கத்து ஆள் 20,000 எழுதி வென்று, நீங்கள் 40,000 எழுதி வென்றால், இருவரும் அடுத்தடுத்த இருக்கையில் ஒரே பழரசத்தைக் குடித்துக்கொண்டு போவீர்கள்; உங்கள் 20,000 யாருக்கும் தெரியாமல் போய்விடும். இந்த வகை ஏலங்களைக் கணித முறையில் முதலில் ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர். 1961-ல் அவர் எழுதிய ஆய்வில், அதிகம் கேட்டவர் வெல்லட்டும், ஆனால் இரண்டாவதாக வந்தவரின் தொகையைக் கட்டட்டும் என்று விதி வைத்தால், ஒவ்வொருவரும் தம் மனத்தில் உள்ள உண்மையான மதிப்பையே எழுதுவார்கள் என்று காட்டினார். 1996-ல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்றே நாளில் அவர் இறந்துபோனார். விமான நிறுவனங்கள் விக்ரியின் விதியைப் பின்பற்றுவதில்லை. எழுதியதைக் கட்டும் முறையில், நம் மனத்தில் உள்ள மதிப்பை அப்படியே எழுதினால் வென்றாலும் லாபம் எதுவும் இல்லை. மதிப்புக்குக் கீழேதான் எழுதவேண்டும். எவ்வளவு கீழே? ஓர் இருக்கைக்குச் சமநிலையில் உள்ள நான்கு பேர் போட்டியிட்டால் தம் மதிப்பில் முக்கால் பங்கு எழுதுவது சரி என்று பாடப்புத்தகக் கணக்கு சொல்கிறது. இருக்கைகள் பலவாக இருந்தால் இன்னும் கீழே போகலாம். இதையெல்லாம் நான் படித்தது பணத்தை விட்ட பிறகு.

நிறுவனத்தின் பக்கத்தில் இருந்து பார்த்தால் இந்த ஏற்பாட்டில் இருக்கும் கெட்டிக்காரத்தனம் இன்னும் தெளிவாகத் தெரியும். விமானத்தின் கதவு மூடப்பட்ட கணத்தில் காலி இருக்கையின் விலை பூஜ்யமாகிவிடுகிறது. மாலைக்குள் விற்காத மல்லிகை அது. அதே நேரம், கடைசி நாளில் முழு விலை கொடுத்து வாங்க ஒரு வணிகப் பயணி வந்துவிடக்கூடும் என்பதால் முன்கூட்டியே மலிவாக விற்கவும் முடியாது. இந்தச் சிக்கலுக்கு 1972-லேயே பிரிட்டனின் பிஓஏசி விமான நிறுவனத்தைச் சேர்ந்த லிட்டில்வுட் என்பவர் ஒரு விதி சொல்லியிருந்தார்: முழு விலைக்காரர் வரும் வாய்ப்பை அந்த முழு விலையால் பெருக்கிக்கொள், கையில் வந்திருக்கும் சலுகை விலை அதைவிட அதிகமாக இருக்கும்வரை விற்றுக்கொண்டே இரு. நாள் நெருங்க நெருங்க அந்த வாய்ப்பு சுருங்குகிறது. ஏலக் கேள்விகளைப் பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு கடைசி இரண்டு நாள் வரை திறக்காமல் இருப்பதன் பொருள் இதுதான். இன்னொன்றும் உண்டு. நம்மை முன்னால் அனுப்பினால் பின்னால் நம் எகானமி இருக்கை காலியாகிறது. டிசம்பர் விடுமுறை போன்ற நெரிசல் காலத்தில் அந்த இருக்கையைக் கடைசி நேரப் பயணி ஒருவருக்கு நல்ல விலைக்கு விற்கலாம். அளவுக்கு மேல் டிக்கெட் விற்றிருந்தால் யாரையும் இறக்கிவிடாமல் சமாளிக்கலாம். பண்டிகைக் காலத்தில் பின்பகுதி பிதுங்க, அலுவலகப் பயணிகள் குறைந்து முன்பகுதி வெறிச்சோடிக் கிடந்தால், கேட்பவருக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

இருக்கைக்கு ஏலம் என்ற எண்ணமே தலைகீழாகத்தான் தொடங்கியது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அளவுக்கு மேல் விற்றுவிட்ட விமானத்தில் யாரை இறக்கிவிடுவது என்பதை நிறுவனம் முடிவு செய்வதற்குப் பதில், எவ்வளவு கொடுத்தால் தாமாகவே இறங்கிக்கொள்வீர்கள் என்று பயணிகளிடமே கேட்கலாம் என்று ஜூலியன் சைமன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1968-ல் யோசனை சொன்னார். நடக்காத காரியம் என்று விமான நிறுவனங்கள் ஒதுக்கித் தள்ளின. 1970களின் இறுதியில், ஆல்ஃபிரட் கான் அமெரிக்க விமானப் போக்குவரத்து வாரியத்தின் தலைவராக இருந்தபோதுதான் அது நடைமுறைக்கு வந்தது. அன்று நிறுவனம் பயணியிடம் ஏலம் கேட்டது. இன்று பயணி நிறுவனத்திடம் கேட்கிறார்.

என் கதைக்கு வருகிறேன். இரண்டு கட்டங்களுக்கும் கேட்டேன். சென்னையிலிருந்து புறப்படும் குறுகிய கட்டத்துக்குக் குறைந்தபட்சம் 18,000 என்று இருந்தது; நான் ஆளுக்கு 24,000 எழுதினேன். நீண்ட கட்டத்துக்குக் குறைந்தபட்சம் 72,000. ஆளுக்கு 80,000 எழுதினேன். இரண்டும் சேர்ந்தே கிடைக்கும் அல்லது இரண்டும் சேர்ந்தே போகும் என்று ஒரு தவறான எண்ணம் என் மனத்தில் எப்படியோ பதிந்திருந்தது. ஒவ்வொரு கட்டமும் தனி டெண்டர். புறப்படுவதற்கு முந்தைய நாள் மதியம் வந்த செய்தியில் முதல் கட்டம் ஏற்கப்பட்டிருந்தது, இரண்டாவது மறுக்கப்பட்டிருந்தது. 48,000 ரூபாய் கார்டிலிருந்து போய்விட்டது. திரும்பப் பெற வழியில்லை.

அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்ட அந்த விமானத்தில் நாங்கள் அனுபவித்த சொகுசைச் சொல்கிறேன். ஏறியதும் வெந்நீரில் நனைத்த துண்டு. பிறகு பழரசம். விமானம் மேலேறி விளக்குகளை அணைத்து, இருக்கையைப் படுக்கையாக்கிக் கண்ணை மூடியபோது ஐந்து மணி. இருக்கையை நிமிர்த்தச் சொல்லி எழுப்பியபோது ஆறே முக்கால்கூட ஆகவில்லை. இருவருக்கும் கேட்டு வைத்திருந்த சைவ உணவு எகானமிப் பகுதிக்குப் போய்விட்டதாம். வகுப்பு மாறும்போது உணவுக் குறிப்பு கூடவே வருவதில்லை, நாம்தான் மறுபடி சொல்லவேண்டும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டோம். மனைவிக்கு ரொட்டியும் பழத்துண்டுகளும் கிடைத்தன. கால் நீட்ட இடமுள்ள எகானமி இருக்கைக்கு முன்னரே கட்டியிருந்த ஆறாயிரமும் திரும்பவில்லை. இதற்கெல்லாம் நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. நிபந்தனைகளில் எல்லாமே எழுதியிருந்தது. ஆயிரக்கணக்கான கடன் பத்திரங்களில் வாடிக்கையாளர்களைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எச்சரித்தவன், தன் முறை வந்தபோது கட்டத்தில் டிக் போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். பிறகு பதினான்கு மணி நேரம், பத்துப் பேர் வரிசையில், மனைவி நடைபாதை ஓரத்திலும் நான் நடுவிலுமாகப் பாஸ்டன் போய்ச் சேர்ந்தோம். லோகன் விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வெளியே வந்தவளைப் பார்த்து மகள் கேட்டாள், "பிசினஸ் கிளாஸ்ல வந்ததா சொன்னீங்களேப்பா?"

பாஸ்டனில் மூன்று மாதம். குழந்தை தூங்கும் நேரத்தில் எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. இந்த ஏலத்தை ஒரு கடன் விண்ணப்பத்தைப் போலப் பிரித்துப் படித்தேன்.

முதலில் பார்க்கவேண்டியது, கேட்கும் பொருள் என்ன என்பது. பிசினஸ் கிளாஸ் என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறான பொருள்கள் விற்கப்படுகின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000-ஆம் ஆண்டில் பிசினஸ் வகுப்பில் முழுத் தட்டையான படுக்கையைக் கொண்டுவந்த பிறகு, நீண்ட தூர விமானங்களில் படுக்கை வழக்கமாகிவிட்டது. ஆனால் ஐரோப்பாவுக்குள் பறக்கும் விமானங்கள் பலவற்றில் பிசினஸ் கிளாஸ் என்பது அதே எகானமி இருக்கைதான். நடு இருக்கையைக் காலியாக விட்டுவிடுவார்கள், அவ்வளவே. ஃபிராங்க்ஃபர்ட்டில் மாறி இன்னொரு ஐரோப்பிய நகரத்துக்குப் போகும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஏலம் கேட்பவர் சாப்பாட்டுத் தட்டுக்கும் காலி நாற்காலிக்கும் பணம் கொடுக்கிறார். சிறிய ஒற்றை நடைபாதை விமானங்கள் சிலவற்றில் இருக்கை சாயுமே தவிரப் படுக்கையாகாது. எந்த விமானம் என்பது முன்பதிவிலேயே குறித்திருக்கும். எகானமியிலும் இது கணக்கில் வரவேண்டும்: போயிங் 777-ல் இன்று பெரும்பாலும் வரிசைக்குப் பத்துப் பேர், ஏர்பஸ் ஏ350-ல் பெரும்பாலும் ஒன்பது பேர். எதிலிருந்து தப்பிக்க நாம் பணம் கொடுக்கிறோம் என்பதும் விலையின் ஒரு பகுதியே.

அடுத்தது நேரம். நாங்கள் போன திசையில் நீண்ட கட்டம் முழுவதும் பகல். சூரியனைத் துரத்திக்கொண்டே மேற்கே போவதால் இருட்டே வராது. திரும்பும் திசையில் பாஸ்டனிலிருந்து இரவு புறப்பட்டுப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம். ஒரே விமானம், ஒரே இருக்கை, ஆனால் ஒன்று உட்காரும் நாற்காலி, மற்றது உறங்கும் கட்டில். நான் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்: உண்மையில் படுத்து உறங்கக்கூடிய மணி நேரத்தால் தொகையை வகுப்பது. போகும்போது குறுகிய கட்டத்தில் 24,000 ரூபாய்க்கு ஒரு மணி நாற்பது நிமிடம், மணிக்கு 14,400. அந்த எண்ணைத் தாளில் எழுதியதும் என் பழைய மேலாளரின் முகம் நினைவுக்கு வந்தது.

உடல்நலத்துக்காக முன்னால் போகவேண்டும் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு சொல். காலில் ரத்தம் உறையும் சிக்கலை "எகானமி கிளாஸ் நோய்" என்று அழைத்துப் பழகிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு முடிவு, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பிறகு இந்த ஆபத்து ஏறத்தாழ இருமடங்காகிறது என்கிறது; அப்படியும் ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான். அசையாமல் நெடுநேரம் இருப்பதே காரணம் என்பதால் ரயிலிலும் பேருந்திலும் காரிலும்கூட இது வரலாம். எங்கள் எலும்பு மருத்துவரும் மனைவியிடம் சொன்னது இதைத்தான்: எந்த வகுப்பானாலும் ஒன்றரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கவேண்டும். முழங்கால் வலிக்குக் கால் நீட்டுவது நிச்சயம் இதம். ஆனால் இதத்தையும் சிகிச்சையையும் ஒன்றாக்கிக்கொண்டு கோலை வலது பக்கம் தள்ளக்கூடாது.

முன்பகுதி எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதை ஓரளவு கணிக்க முடியும். இருக்கை வரைபடத்தில் தெரியும் காலியிடங்களை நம்பவேண்டாம்; டிக்கெட் வாங்கியும் இருக்கை தேர்வு செய்யாதவர்கள் அதில் தெரியமாட்டார்கள். நான் செய்தது வேறு. அதே விமானத்தில் ஒன்பது பேருக்குப் பிசினஸ் கிளாஸ் வேண்டும் என்று நிறுவனத்தின் தளத்தில் தேடினேன்; பெரும்பாலான தளங்கள் ஒரே பதிவில் ஒன்பது பேர் வரை அனுமதிக்கும். ஒன்பதுக்கும் விலை காட்டினால், குறைந்தது ஒன்பது இருக்கை இன்னும் விற்பனையில் இருக்கிறது. இரண்டு பேருக்கே இல்லை என்று வந்தால் ஏலம் கேட்டுப் பயனில்லை. நான் மார்கழிக் கோலம் பார்ப்பவனைப் போலத் தினமும் காலையில் ஒருமுறை பார்த்து வந்தேன். புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பும் ஒன்பது கிடைத்தது.

அப்போது ஒரு யோசனை தோன்றியது. ஒரே முன்பதிவில் இருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் கேட்கமுடியும். இரண்டு இருக்கை இல்லாவிட்டால் இருவருக்கும் இல்லை. முன்பதிவைப் பிரித்து மனைவிக்கு மட்டும் கேட்டால் செலவும் பாதி, வாய்ப்பும் கூடும் அல்லவா? அவளிடம் சொன்னேன். "ஏங்க, நான் மட்டும் முன்னால போய்ப் படுத்துக்கிட்டு, நீங்க பின்னால என்ன பண்றீங்களோன்னு முழிச்சிட்டே இருக்கவா?" என்றாள். அதோடு அந்த யோசனை முடிந்தது. தனியாகப் பயணம் செய்பவருக்குத்தான் இந்த ஏலம் மிகவும் சாதகமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது ஏறக்குறைய வீண்முயற்சி.

எனவே திரும்பும்போது நீண்ட கட்டத்துக்கு மட்டும் கேட்டேன். குறைந்தபட்சம் ஆளுக்கு 600 டாலர். அந்த இரவு உறக்கம் எங்களுக்கு அதிகபட்சம் எவ்வளவு மதிப்பு என்று திரையைத் திறப்பதற்கு முன்பே இருவரும் பேசி, ஆளுக்கு 900 டாலர் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்தோம். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் கணக்கிட்டு, எல்லோரும் எழுதக்கூடிய முழு எண்ணைத் தவிர்க்கவேண்டும் என்ற பழைய டெண்டர் வழக்கப்படி 690 டாலர் எழுதினேன். முள் மஞ்சளின் நடுவில் நின்றது. பச்சைக்கு இன்னும் நானூறு டாலராவது வேண்டும். கையை எடுத்துவிட்டேன். சைவ உணவைப் பற்றி முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, ஏற்கப்பட்டால் உடனே அழைக்கச் சொன்னதையும் குறித்துவைத்தேன். எகானமி இருக்கைக்கு இந்த முறை ஒரு காசும் கட்டவில்லை.

புறப்படுவதற்கு முப்பத்தைந்து மணி நேரம் முன்பு ஏற்கப்பட்டதாகச் செய்தி வந்தது. இருவருக்கும் 1,380 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பணத்தில் செலவு செய்தால் பிடிக்கும் மூன்றரை சதவீதக் கூடுதல் கட்டணமும் அதன்மீது ஜிஎஸ்டியும் சேர்த்து இன்னும் ஐந்தாயிரம் போனது. பழைய வங்கிக்காரன் அதைக்கூட முன்பே யோசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மனைவி ஏழு மணி நேரம் உறங்கினாள். நான் இரண்டு முறை எழுந்து எட்டிப் பார்த்தேன். வகுத்துப் பார்த்தால், கார்டுக் கட்டணத்தைச் சேர்த்தும், மணிக்கு ஒன்பதாயிரத்துக்குள் அடங்கிவிட்டது.

இது லாபமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எகானமிக் கட்டணத்தையும் கேள்வித் தொகையையும் கூட்டி, அன்று விற்ற பிசினஸ் டிக்கெட் விலையோடு ஒப்பிட்டால் லாபம்தான். ஆனால் அந்த ஒப்பீடு முழுமையானது அல்ல. நேரடியாக வாங்கிய பிசினஸ் டிக்கெட்டில் பயணத் தேதியை மாற்றும் வசதி, கூடுதல் மைல் புள்ளிகள், கூடுதல் பெட்டி, ஓய்வறை அனுமதி எல்லாம் பெரும்பாலும் இருக்கும். ஏலத்தில் உயர்ந்தவருக்கு மைல் புள்ளிகள் பெரும்பாலும் பழைய எகானமிக் கணக்கில்தான் சேரும். பெட்டியும் ஓய்வறையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். மறுபுறம், இந்தியாவில் வாங்கும் எகானமி டிக்கெட்டுக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி என்றால், உயர்வகுப்பு டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் பதினெட்டு சதவீதம். சலுகை விற்பனைக் காலத்தில் வாங்கும் பிசினஸ் டிக்கெட்டுக்கும், எகானமியோடு பச்சை முள் வரை போன கேள்வித் தொகைக்கும் இடையே உள்ள வேறுபாடு சில நேரம் வெட்கப்படும் அளவுக்குச் சிறியதாக இருக்கும். அதைச் சரிபார்க்காமல் கேட்கவே கூடாது.

அறுவைச் சிகிச்சை முடிந்து வருபவர், முதுகு வலிக்காரர், உட்காரவே முடியாதவர் ஆகியோருக்கு இந்த ஏலம் ஏற்றதல்ல. கட்டாயம் வேண்டிய பொருளை, முந்தைய நாள் மதியம்வரை கிடைக்குமா என்று தெரியாத வழியில் தேடக்கூடாது. முடிந்தால் வாங்கிவிடவேண்டும், முடியாவிட்டால் வேறு வழி பார்க்கவேண்டும். வழிகளும் இல்லாமல் இல்லை. நடுவழி நகரத்தில் ஓர் இரவு ஓட்டலில் தங்கிப் போகலாம். எதிஹாத் போன்ற நிறுவனங்களில் பக்கத்து எகானமி இருக்கையைக் காலியாக வைத்துக்கொள்ளவும் கேள்வி போடலாம். லுஃப்தான்சா 2021 முதல் மிக நீண்ட தூர விமானங்கள் சிலவற்றில் எகானமியிலேயே ஒரு முழு வரிசையை ஒருவர் படுத்துக்கொள்ள விற்கிறது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு கவுன்ட்டரில் சிரித்தபடி கேட்டால் இலவசமாகவே முன்னால் அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லும் உறவினர் ஒருவர் எல்லோர் வீட்டிலும் இருப்பார். என் வீட்டிலும் இருக்கிறார். அவர் இதுவரை பின்னால்தான் பறந்திருக்கிறார்.

பேரனின் முதல் பிறந்தநாளுக்கு மறுபடி டிக்கெட் எடுத்தாயிற்று. சென்ற வாரம் அதே மின்னஞ்சல் வந்தது. போகும் திசைக்கான இரண்டு கட்டங்களையும் தொடாமல் விட்டு, திரும்பும் இரவுக்கு மட்டும் ஆளுக்கு 655 டாலர் எழுதியிருக்கிறேன். முள் சிவப்பை ஒட்டிய மஞ்சளில் நிற்கிறது. காலண்டர் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தின் அடியில் இருக்கிறது. "கிடைக்கலைன்னா?" என்று மனைவி கேட்டாள். நடைபாதை ஓரத்தில் இரண்டு இருக்கை, ஒன்றன்பின் ஒன்றாக, அவளுக்கு முன் வரிசையில் என்று ஏற்கெனவே பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னேன்.